விஜயதசமியன்று போன பியூஸ்

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் எடுக்கிற கரண்ட் வேறு, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது அது எடுக்கிற கரண்ட் வேறு. கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கூட எடுக்கும். சில நொடிகள்தான், வேகம் பிடித்ததும் தன் அளவுக்கு இறங்கிவிடும். மோட்டாருக்குக் காவலாக வைக்கிற பியூஸ் கம்பிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அளவுக்கு மேல் கரண்ட் வந்தால் உருகிவிடும். வந்தது கிளம்புகிற மோட்டாரின் பசியா, உள்ளே எங்கோ ஒயர் ஒட்டிக்கொண்ட கோளாறா என்று அது நின்று பார்ப்பதில்லை.

இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன். இது தெரிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும்.

ராஜபாளையத்தில் ஒரு ஜின்னிங் பேக்டரியில் நான் எலக்ட்ரிக் போர்மேனாக இருந்தேன். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரித்துப் பஞ்சைப் பொதியாக அழுத்தும் இடம் அது. வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலை ரயிலில் போய்ச் சாயங்கால ரயிலில் திரும்புவேன். சட்டையை எவ்வளவு உதறினாலும் காதோரத்தில் பஞ்சு ஒட்டிக்கொண்டுதான் வீடு வந்து சேரும். வேதக்கோவில் முடிந்து ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மனைவி அதைப் பார்த்துச் சொல்வாள், பாதிரியார்கூட இவ்வளவு வெள்ளையாக நிற்கவில்லை என்று.

கரண்ட் வருவதற்கு முன்பு அந்தப் பேக்டரி ஆயில் என்ஜினில் ஓடியது. ஒரே என்ஜின். அதன் பெரிய சக்கரத்திலிருந்து ஒரு பெல்ட் மேலே ஓடும் நீளமான ஷாப்டைச் சுற்றும். ஷாப்டிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பெல்ட் இறங்கும். காலையில் டிரைவர் என்ஜினைக் கிளப்பினால் கட்டடம் முழுவதும் கிளம்பிவிடும். சரஸ்வதி பூசையன்று எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்து என்ஜினைக் கிளப்புவார்கள். கிளப்புவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகள் என்ஜின் முன்னால் விளக்கேற்ற வேண்டும். அது அவர்கள் குடும்பத்து வழக்கம். அவர்கள் வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிறவர்கள். வெளியே எல்லாரையும்போல் தமிழ்தான்.

கரண்ட் வந்த பிறகு என்ஜினை ஓரத்தில் போட்டுச் சாக்கு மூடிவிட்டோம். நான்கு மோட்டார்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மெயின் சுவிட்ச், இரும்புப் பெட்டியில், கைப்பிடியோடு. தினமும் நான் மெயினைப் போட்டுவிட்டு மோட்டார்களை ஒவ்வொன்றாக எடுப்பேன். ஒன்று வேகம் பிடித்த பிறகுதான் அடுத்தது. இரண்டு பூசைகள் அப்படியே கழிந்தன. அந்த வருஷங்களில் வீட்டுக்குப் புது மருமகள் யாரும் வரவில்லை.

மூன்றாவது வருஷம் முதலாளியின் இளைய மகனுக்குக் கல்யாணம் ஆனது. பெண் ஸ்ரீவில்லிபுத்தூர். அவளுடைய அண்ணன் அங்கே தானியக் கடை வைத்திருந்தான். தாய் தகப்பன் இல்லை. எங்கள் வீடும் அவர்கள் வீடும் அடுத்தடுத்த தெரு. கல்யாணத்துக்குப் பிறகு அண்ணன் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டுமென்றால் என்னிடம்தான் கொடுப்பான். நான் பேக்டரிக்கு வரும்போது அந்தப் பெண்ணிடம் சேர்ப்பேன். முதலாளியின் வீடு பேக்டரிக்குள்ளேயே, வேப்பமரத்துக்குப் பின்னால் இருந்தது.

பூசைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது முதலாளி என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார்.

"போர்மேன், இந்த வருஷம் சின்ன மருமகதான் மெயினைப் போடணும். பல்பும் அவ கையால எரியணும், மெஷினும் அவ கையால ஓடணும். விருதுநகர் வியாபாரிக வாராங்க. பருத்தி கொண்டார்ற சம்சாரிகளுக்கும் சொல்லியிருக்கேன்."

"போடட்டும் முதலாளி. மெயினைப் போட்டதும் பல்பு எரியும். மோட்டாரை நான் ஒண்ணொண்ணா எடுத்துருதேன். செத்த நேரத்துல எல்லாம் ஓடிரும்."

"அது என்ன ஒண்ணொண்ணா? எல்லா சுவிட்சையும் முதல்லயே போட்டு வச்சிரும். அவ மெயினைத் தள்ளினா நாலும் ஒண்ணாக் கிளம்பட்டும்."

"மெயின் பியூஸ் தாங்காது முதலாளி."

"என்ஜின் இருந்தப்ப ஒரு சக்கரத்தைச் சுத்தினா பேக்டரி பூரா ஓடுச்சு. இம்புட்டுச் செலவழிச்சுக் கரண்ட் வாங்கியிருக்கேன். ஒரு கைப்பிடியத் தள்ளி எல்லாம் ஓடலைன்னா, பழசே தேவலைன்னு நாலு பேரு சொல்லுவானா மாட்டானா?"

"பியூஸ் போச்சுன்னா அதைவிடக் கூடுதலாச் சொல்லுவான்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால்கூடக் குரல் உயராது.

"தடிச்ச கம்பியாப் போடும்."

தடித்த கம்பி போட்டால் கிளம்பும்போது போகாது என்பது உண்மை. ஆனால் பிறகு மோட்டாருக்கு ஆபத்து வரும்போதும் போகாது. பஞ்சு பறக்கிற இடத்தில் ஒரு மோட்டார் உள்ளுக்குள் எரிந்தால் என்ன ஆகும் என்பதை வேறொரு ஊர் ஜின்னிங்கில் நான் பார்த்திருக்கிறேன். கூரைத் தகரம் சுருண்டு கிடந்தது. இதை அவரிடம் சொன்னேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார். புரிந்துகொண்டார் என்றே நினைத்தேன்.

"செத்த நேரம் பொறுத்துப் பார்த்து உருகுற பியூஸ் ஒண்ணு இருக்கு முதலாளி. மோட்டார் கிளம்புறதுக்கு விட்டுக் கொடுக்கும், நெசமான கோளாறுன்னா உடனே போயிரும். மதுரையில ஒரு கடையில படத்தோட பார்த்தேன். இப்ப ஜெர்மன் சண்டை நேரம், சீமையிலேருந்து எதுவும் வரதில்லைங்கான்."

"கிடைக்காததைப் பேசி என்ன செய்ய? பெல்ட்டை எல்லாம் சும்மா சுத்துற சக்கரத்துல தள்ளிவிட்டுரும். பாரம் இல்லாமக் கிளம்பட்டும். தாங்காதா?"

"நின்னாலும் நிக்கும், போனாலும் போகும். உறுதி சொல்ல முடியாது."

"நிக்கும். அவ விளக்கேத்த வந்த பிள்ள. நிக்கும்."

ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருக்கலாம் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைக்கலாம். பூசையன்று காலையில்தான் அலங்காரத்துக்குக் கூடுதலாகப் பல்புகள் மாட்டி முடித்தோம். அதற்குள் மெஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்தாகிவிட்டது. பொட்டு வைத்த மெஷினை விஜயதசமி நேரம் வரும்வரை யாரும் ஓட்டக்கூடாது. கேட்டுப் பார்த்தேன். ஓட்டக்கூடாது என்றுவிட்டார்கள். எனக்கு விடப்பட்டது, மெயின் பெட்டியின் உள்பக்கம் சந்தனம் பூசாமல் பார்த்துக்கொள்ளும் வேலை.

பூசையன்று அந்தப் பெண் மெயின் பெட்டியைப் பார்க்க வந்தாள். பதினேழு பதினெட்டு வயதிருக்கும். சப்ளையைக் கம்பத்திலேயே நிறுத்தியிருந்தோம் என்பதால் கைப்பிடியைத் தொட்டுப் பழகச் சொன்னேன்.

"ஷாக் அடிக்குமாண்ணே?"

"அடிக்காதும்மா. பெட்டிக்குத் தரையோட கம்பி கட்டியிருக்கு. தள்ளினா ஒரே தள்ளாத் தள்ளணும். பாதியில நிறுத்தினாத் தீப்பொறி வரும்."

"அடிச்சா உங்க பேரைச் சொல்லித்தான் கத்துவேன். எங்க அண்ணன்கிட்ட நீங்கதான் பதில் சொல்லணும்."

அவள் தள்ளினாள். முதல் தடவை தயங்கியது. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது. பக்கத்தில் நின்ற என்ஜின் டிரைவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இதுக்கு ஒரு பழக்கமா? எங்க என்ஜினைக் கிளப்பச் சொல்லுங்க போர்மேன், சக்கரத்துல மாப்பிள்ளையும் சேந்து தொங்கணும்" என்றார். அவள் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்துவிட்டு வேப்பமரத்துப் பக்கம் ஓடிவிட்டாள். என்ஜினுக்குச் சாக்கு மூடியதிலிருந்து அவர் என்னோடு இப்படித்தான் பேசுவார். அவரை ஆயில் ஊற்றுகிற வேலைக்கு மாற்றியிருந்தார்கள்.

மறுநாள் காலை நல்ல கூட்டம். கூமாப்பட்டிப் பக்கத்துச் சம்சாரிகள் தோளில் புதுத் துண்டோடு வந்திருந்தார்கள். வியாபாரிகளுக்கு நாற்காலி போட்டிருந்தது. ஜின்னிங் கட்டடத்துக்குள் பகலிலும் இருட்டுத்தான்; பஞ்சு பறக்காமலிருக்க ஜன்னல்களை உயரத்தில் சின்னதாக வைத்திருந்தார்கள். அந்த இருட்டில் சாம்பிராணிப் புகை. பெட்டிக்கு மாலை போட்டிருந்தது. நான் நான்கு மோட்டார் சுவிட்சுகளையும் போட்டுவைத்தேன். பெல்ட்டுகள் சும்மா சுற்றும் சக்கரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றேன்.

முதலாளியின் மனைவி சூடம் காட்டினாள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் பெட்டியைக் கும்பிட்டுக் கைப்பிடியைத் தள்ளினாள்.

சுத்தமாகத் தள்ளினாள். நான் ஒரு அடி தூரத்தில் நின்று பார்த்தேன். அதைவிடச் சரியாக நானே தள்ளியிருக்க முடியாது.

பல்புகள் எரிந்தன. எல்லாரும் "ஆ" என்றார்கள். நான்கு மோட்டார்களும் ஒன்றாக அசைந்தன. பல்புகள் சிவந்து மங்கின. மெயினில் கம்பிக்கு ஒன்றாக இருந்த மூன்று பியூஸில் ஒன்று முதலில் போனது. பெட்டிக்குள்ளே அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டு கம்பியில் கரண்ட் இருந்து ஒன்றில் இல்லாவிட்டால் மோட்டார் சுற்ற முடியாமல் ஒரு மாதிரி முனகும். நான்கும் சேர்ந்து முனகின. கட்டடமே முனகுவது போலிருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் மற்ற இரண்டும் போய்விட்டன. பல்புகள் எல்லாம் அணைந்தன. மோட்டார்கள் பாதிச் சுற்றில் நின்றன.

சூடம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

அந்தப் பெண் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் சரியாகத்தானே செய்தேன் என்று கேட்பதுபோல் என்னைப் பார்த்தாள். நான் கைப்பிடியை இறக்கிவிட்டு, "பியூஸ் போயிருச்சு, வேற ஒண்ணுமில்ல. இப்பப் போட்டுருதேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கம்பிகளை மாற்றினேன். மாற்றி முடித்ததும் அவள் மறுபடி கையை நீட்டினாள்.

"வத்து" என்றாள் மாமியார். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம். சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சூடத்தட்டை அவளைத் தாண்டி மூத்த மருமகள் கையில் கொடுத்தாள்.

நேரம் தவறிவிட்டது, மத்தியானம் இன்னொரு நல்ல நேரம் இருக்கிறது என்றார்கள். நாற்காலியில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். முதலாளி என் பக்கம் வந்து, "எப்ப ஓடும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இப்பவே ஓடும். ஒண்ணொண்ணா எடுத்தா."

"அப்பிடியே செய்யும்."

மத்தியானம் மூத்த மருமகள் கைப்பிடியைத் தள்ளினாள். அதற்கு முன்பே நான்கு மோட்டார் சுவிட்சுகளையும் நான் இறக்கி வைத்திருந்தேன். அதனால் அவள் தள்ளியதும் எரிந்தவை பல்புகள் மட்டுமே. மோட்டார்களை நான்தான் ஒவ்வொன்றாக எடுத்தேன். முதல் வரிசை ஜின் வேகம் பிடித்தது, பிறகு அடுத்த வரிசை, பிறகு மற்ற இரண்டும். எல்லாம் ஓடின. கட்டடம் அதிர்ந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். தேங்காய் உடைத்தார்கள்.

"மூத்தது கை ராசியான கை" என்று ஒரு சம்சாரி சொன்னார். இன்னொருவர் ஆமாம் என்றார். நான் கடைசி சுவிட்சுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்த ஓட்டத்தின் சத்தத்தில் நான் ஏதாவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது.

டிரைவர் ஆயில் டப்பாவோடு வந்தார்.

"ஏன் போர்மேன், காலைல சின்னவிய தள்ளும்போதும் இப்பிடியே செஞ்சிருக்கலாம்ல?"

"இப்பிடித்தான் செய்யணும்னு சொன்னேன்."

"யார்கிட்ட?"

நான் ஆபீஸ் அறைப் பக்கம் பார்த்தேன். அவர் புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு என்ஜினைப் பற்றிக் கேலி பேசுவதையும் விட்டுவிட்டார்.

முதல் சில நாட்கள் என்மேலும் பேச்சு இருந்தது. நான் கிறிஸ்தவன் என்பதால், வேதக்காரன் கைபட்ட பெட்டி என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஆனால் சண்டை நேரத்தில் இன்னொரு எலக்ட்ரிக் போர்மேனைத் தேடிப் பிடிப்பது லேசில்லை. மருமகளைப் பற்றிப் பேசுவதில் அந்தச் சிரமம் யாருக்கும் இல்லை. ஜின்னில் ஒரு ரோலர் உடைந்தாலும், மழையில் பொதி நனைந்தாலும், வீட்டுக்குள் அந்த விஜயதசமியைப் பற்றிப் பேச்செழுந்தது. எல்லாருமாக வண்டி கட்டிக்கொண்டு மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போனார்கள். பானையை மூத்தவள் சுமந்தாள். இளையவள் வீட்டைப் பார்த்துக்கொள்ள இருந்துவிட்டாள்.

தலைதீபாவளிக்கு அவளும் அவள் கணவனும் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார்கள். அவன் இரண்டு நாள் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பினான். "அம்மா வந்து அழைச்சிட்டு வருவாக" என்று சொல்லிவிட்டுப் போனானாம். யாரும் வரவில்லை. கார்த்திகை போனது. பொங்கல் போனது. அவளுடைய பித்தளைப் பாத்திரங்களும் புடவைப் பெட்டியும் ஒருநாள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. வண்டிக்காரனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அவளுடைய அண்ணன் ரயிலடியில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, எனக்குக் கரண்ட்டைப் பத்தி என்ன தெரியும்? நான் போய்ப் பேசினா தங்கச்சிக்காகப் பேசுறான்னு சொல்லுவாவ. நீங்க பக்கத்துல நின்னிய. அவிய கேப்பாவ. ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் சொன்னேன். முதலாளியைப் பேக்டரிக்குள் அழைத்துப் போய், மெயினை நிறுத்திப் பெட்டியைத் திறந்து, பீங்கான் பிடியில் மாட்டியிருந்த கம்பியைக் காட்டினேன். மோட்டார் ஒன்று கிளம்பும்போது மீட்டர் முள் எங்கே போகிறது, ஓடும்போது எங்கே நிற்கிறது என்று ஓட்டிக் காட்டினேன். அவர் பார்த்தார். முள் ஏறி இறங்குவதை இன்னொரு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தார்.

"நாலும் ஒண்ணாக் கிளம்பினா?"

"அம்புட்டும் சேந்து ஏறும். கம்பி தாங்காது. தள்ளினது யாரா இருந்தாலும்."

"தெரியுது" என்றார். "நீரு சொல்றது எல்லாம் தெரியுது. ஆனா அன்னிக்கு வந்தவன் கம்பியப் பாத்தானா? அவளத்தான பாத்தான்."

"அப்ப எல்லாரையும் கூப்பிட்டுக் கம்பியக் காட்டுவோம் முதலாளி. அன்னிக்கு மாதிரியே நாலு சுவிட்சையும் போட்டு வைக்கிறேன். நீங்க உங்க கையால மெயினத் தள்ளுங்க. போகும். உங்க கையிலயும் போகும்னு எல்லாரும் பாக்கட்டும். அதோட இந்தப் பேச்சு முடிஞ்சிரும்."

அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெகுநேரம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர் நிஜமாகவே யோசித்தார்.

"என் கையில போச்சுன்னா எவன் என்கிட்டப் பருத்தி கொண்டாருவான், போர்மேன்?"

அவர் ஆபீஸ் அறைக்குப் போனார். நான் பெட்டியை மூடினேன். அந்தப் பெண்ணின் கணவன் பொதி அழுத்தும் பிரஸ் பக்கம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அப்போதுதான் பார்த்தேன். என்னைவிட உயரமானவன், அப்பா இருக்கும் இடத்தில் தோளைக் குறுக்கிக்கொள்வான்.

"அவ நல்லாருக்காளா?" என்று கேட்டான்.

"நீங்க வந்து பாக்கலாமே. ரயில்ல எம்புட்டுத் தூரம்?"

"பாக்கலாம்" என்றான். பிறகு, பொதியில் கட்டியிருந்த பட்டை சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான். அது சரியாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அண்ணனும் அண்ணியும் முன்னறையில் இருந்தார்கள். அவள் அடுக்களை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"மாமாவுக்கு வெளங்குச்சாண்ணே?"

"வெளங்குச்சும்மா. நல்லாவே வெளங்குச்சு."

அவள் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"வெளங்கலைன்னா இன்னொருக்கச் சொல்லிப் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சண்டை முடிந்தது. அதற்குள் அவள் அந்த வீட்டில் அண்ணியின் இரண்டு பிள்ளைகளை வளர்த்திருந்தாள். மெலிந்துபோனாள். விசேஷ வீடுகளுக்கு அவளை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் அவள் போகவில்லை. நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "அங்க என்ன விசேஷம்ணே?" என்று கேட்பாள். விசேஷம் ஒன்றுமில்லை என்பேன். அந்தப் பேக்டரியில் வேலை செய்துகொண்டே அவளுக்கு அந்தப் பதிலைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் அவள் கேட்பதை நிறுத்தவில்லை. நானும் போவதை நிறுத்தவில்லை.

ஒரு மாசிமாதத்தில் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்கு ஒரு பியூஸ் சொன்னீரே. செத்த நேரம் பொறுக்கும்னு. அது இப்பக் கிடைக்குமா?"

"கப்பல் வர ஆரம்பிச்சிருச்சு. மதுரையில விசாரிக்கிறேன் முதலாளி."

"விசாரிக்க வேண்டாம், வாங்கிட்டு வாரும். மதுரையில இல்லைன்னா பம்பாய்க்கு எழுதச் சொல்லும். விலையப் பத்தி யோசிக்க வேண்டாம். நாலு மோட்டாரும் ஒண்ணாக் கிளம்பினாத் தாங்கணும். தாங்குமா?"

"தாங்கும்."

வேறு எதற்காக அவர் அதைக் கேட்கப் போகிறார்? தினசரி வேலைக்குப் பழைய கம்பியே போதும். நான்தான் ஒவ்வொன்றாக எடுக்கிறேனே. நான்கும் ஒன்றாகக் கிளம்ப வேண்டிய நாள் ஒன்றே ஒன்றுதான். அந்த நாளைத் திருத்தி எழுத நினைக்கிறார் என்று நான் எண்ணினேன். அன்றே அண்ணன் வீட்டில் சொல்லிவிட்டேன். அண்ணன் எழுந்து வந்தான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"அது எம்புட்டு நேரம் பொறுக்கும்ணே?"

"மோட்டார் வேகம் பிடிக்கிற வரைக்கும் பொறுக்கும்."

"அது போதும்" என்றாள். பல வருஷத்துக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய பெண்ணைப் பார்த்தேன்.

பியூஸ்கள் வந்துசேர வெகுகாலம் ஆனது. சின்ன மரப்பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே வந்தன. விரல் தடிமனில் உருளைகள், இரண்டு பக்கமும் செம்புத் தொப்பி. ஒன்றை அறுத்துப் பார்க்க வேண்டுமென்று ஆசை. விலையை நினைத்து விட்டுவிட்டேன். கூட வந்த தாளில் படம் இருந்தது. உள்ளே ஒரு மெல்லிய தகடு. பெரிய கோளாறு வந்தால் அது நொடியில் எரிந்துவிடும். அதையொட்டி ஒரு கட்டி உலோகமும், ஈயப்பற்று வைத்துப் பிடித்த சின்ன ஸ்பிரிங்கும். கொஞ்சம் அதிகமான கரண்ட் வந்தால் அந்தக் கட்டி சூட்டை வாங்கிக்கொண்டு காத்திருக்கும். கரண்ட் இறங்காமல் அப்படியே நீடித்தால்தான் ஈயம் இளகும், ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும், கரண்ட் அறுபடும். நான் முன்பு வாயால் சொன்னது அத்தனையும் அந்தப் படத்தில் இருந்தது.

பழைய பிடிகளைக் கழற்றிவிட்டு இவற்றுக்கான பிடிகளைப் பொருத்தினேன். வேலை நாள் ஒன்றில் நான்கு சுவிட்சுகளையும் போட்டுவைத்து மெயினைத் தள்ளினேன். பல்புகள் மங்கிப் பிறகு நிமிர்ந்தன. நான்கும் ஓடின. மறுபடி நிறுத்தி, மறுபடி தள்ளிப் பார்த்தேன். பியூஸ் போகாமல் நின்றது.

ஆபீஸ் அறைக்குப் போய்ச் சொன்னேன். "முதலாளி, இனிமே யாரு தள்ளினாலும் போகாது."

"நல்லது. வர்ற விஜயதசமிக்குப் புதுப்பொண்ணு தள்ளட்டும்."

எனக்குப் புரியவில்லை. "புதுப்பொண்ணா?"

"சின்னவனுக்குச் செட்டியார்பட்டியில பேசி முடிச்சாச்சு. ஆவணியில கல்யாணம். உமக்கும் பத்திரிகை வரும்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"முதலாளி, இதை வச்சு அந்தப் பிள்ளையவே ஒரு தடவை தள்ளச் சொன்னா..."

"அவ கையில ஒருக்கப் போயிருச்சே, போர்மேன்." அவர் குரலில் கடுமை எதுவும் இல்லை. "அவ பாவம். எனக்கும் வருத்தந்தான். வர்ற பிள்ளைக்கும் அப்பிடி ஆயிரக்கூடாதுன்னுதான் உம்மை மதுரைக்கு அனுப்பினேன். நீரு அன்னிக்குச் சொன்னதை நான் மறக்கலை."

மறக்கவில்லைதான். ஒரு வார்த்தைகூட மறக்கவில்லை. நான் காட்டிய மீட்டர் முள், கம்பி உருகும் காரணம், யார் கையிலும் அது போகும் என்பது, எல்லாவற்றையும் அவர் நம்பியிருந்தார். அன்றைக்கு அந்தப் பெண்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று அந்த ஊரில் என்னைத் தவிர உறுதியாகத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான்.

வேலையை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். இரண்டு மகள்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதைவிட, வேறொன்றையும் யோசித்தேன் என்பதை எழுத வேண்டும். புதுப் பியூஸ்களைக் கழற்றிப் பழைய கம்பியை மாட்டிவிடலாம் என்று. நான்கும் முனகி நிற்கும். பல்புகள் அணையும். எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் அப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது செட்டியார்பட்டிப் பெண். அவளுக்கும் ஒரு அண்ணன் இருப்பான். அவளுடைய பாத்திரங்களும் ஒரு மாட்டுவண்டியில் திரும்பிப் போகும். அந்த நினைப்பு வந்த அன்று நான் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு திருகையும் இன்னும் கொஞ்சம் முறுக்கினேன்.

விஜயதசமியன்று கூட்டம் முன்பைவிட அதிகம். சூடம் காட்டினார்கள். புதுப்பெண் கைப்பிடியைப் பிடித்துவிட்டு மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். பழைய கதை அவள் காதிலும் யாரோ போட்டிருக்க வேண்டும். "ஒரே தள்ளாத் தள்ளும்மா" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் தள்ளினாள். பயத்தில் பாதியில் ஒரு கணம் தயங்கினாள், பொறி பறந்தது. முன்னவள் அளவுக்குச் சுத்தமாக விழவில்லை. பல்புகள் மங்கின. மோட்டார்கள் அசைந்தன, வேகம் பிடித்தன, பல்புகள் நிமிர்ந்தன. கட்டடம் முழுக்க ஓட்டச் சத்தம். கைதட்டல். ராசி என்றார்கள், லட்சுமி என்றார்கள். மாமியார் அவளுக்குத் திருஷ்டி கழித்தாள்.

முதலாளி பெண்ணையும் பார்க்கவில்லை, மெஷின்களையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இளைய மகன் புதுவேட்டியில் அப்பாவுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சாயங்கால ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கல்யாணச் செய்தி அவர்களுக்கு முன்பே தெரியும். அண்ணன் கடையிலிருந்து வரவில்லை. அவள்தான் வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஓடுச்சாண்ணே?"

"ஓடுச்சும்மா."

"நாலும் ஒண்ணாவா?"

"நாலும் ஒண்ணா."

"பியூஸ் நின்னுச்சா?"

"நின்னுச்சு."

அவள் முறத்தைத் தட்டிக் கல்லைப் பொறுக்கி வெளியே போட்டாள். "அப்ப அந்தப் பிள்ள பொழச்சுக்கிடும்" என்றாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "அதை விடுங்கண்ணே. ரயிலடியிலேருந்து நடந்து வந்திருக்கிய. செத்த உக்காருங்க, மோர் தாரேன்" என்று எழுந்து உள்ளே போனாள்.

செம்பு நிறையக் கொண்டுவந்தாள். மோர் புளித்திருந்தது. முழுவதையும் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தேன். அவள் மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். இனிமேல் அங்கே என்ன விசேஷம் என்று அவள் கேட்கமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.